சிறு பிள்ளைகளோடு கிம்பாப் சுருட்டுதல்: அரிசி களைவதிலிருந்து துண்டு போடுவது வரை

தென்கொரியாவில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்போடு வெளியே சுற்றிப் பார்க்கப் போகும் நாளுக்குச் 'சொபுங்' என்று பெயர். அந்நாளின் விடியற்காலையில் பல வீட்டு அடுக்களைகளில் எள்ளெண்ணெய் மணக்கும். பிள்ளை எழுந்து வருவதற்குள் பெரியவர்கள் சோறு வடித்து, காய்களை வதக்கி, கரிய கடற்பாசித் தாளில் வைத்துச் சுருட்டி, வட்ட வட்டமாக நறுக்கிப் பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். அதுதான் கிம்பாப். 'கிம்' என்றால் உண்ணத்தக்க கடற்பாசியைத் தாள்போல் உலர்த்தியது. 'பாப்' என்றால் சோறு.

வழக்கமாக இது பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் செய்து முடித்துவிடும் உணவு. பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய வேண்டுமென்றால் வேலையின் வரிசையைக் கொஞ்சம் மாற்றியமைக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியதுதான். கிம்பாப் செய்வதில் அடுப்பு வேலை முழுவதும் தொடக்கத்தில் வந்துவிடுகிறது, பெரிய கத்தி வேலை கடைசி ஐந்து நிமிடங்களில் வருகிறது, இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் வெறும் கைவேலை. அந்த நடுப்பகுதியை அப்படியே பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடலாம் என்பதால், மூன்று வயதுக் குழந்தை முதல் எட்டு வயதுப் பிள்ளை வரை ஒரே மேசையில் உட்காரவைத்துச் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான சோற்று உணவு எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நான்கு வயதும் ஏழு வயதுமாக இரண்டு பிள்ளைகள். கீழே சொல்லியிருக்கும் அளவுகளும் நேரங்களும் அவர்கள் கைக்குப் பழகி வந்தவை.

வாங்கி வைக்க வேண்டியவை

நான்கு பேருக்கு 300 கிராம் குட்டையரிசி, கிம்பாப்புக்கான கிம் தாள் ஐந்தாறு, முட்டை மூன்று, பெரிய கேரட் ஒன்று, வெள்ளரிக்காய் ஒன்று, பாலக்கீரை 200 கிராம், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், வறுத்த வெள்ளை எள், எள்ளெண்ணெய், உப்பு ஆகியவை போதும். கொரிய வீடுகளில் இவற்றோடு பன்றி இறைச்சி ஹாம், நண்டுச் சுவையூட்டிய மீன் துண்டு, 'ஒமுக்' எனப்படும் மீன் விழுதுத் தகடு, சோயா சாற்றில் வதக்கிய மாட்டிறைச்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையும் வைப்பது வழக்கம். இறைச்சி வேண்டாம் என்பவர்கள் கெட்டியான டோஃபுவை விரல் பருமனுக்கு நறுக்கிப் பொரித்து, ஒரு தேக்கரண்டி சோயா சாற்றில் பிரட்டி வைக்கலாம்.

அரிசியில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பொன்னி அரிசியோ பாசுமதியோ எவ்வளவு குழைய வடித்தாலும் பருக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. நறுக்கும்போது சோறு உதிர்ந்து, பிள்ளை அவ்வளவு பொறுமையாகச் சுருட்டியது கண்ணெதிரே குலைந்துபோகும். குட்டையும் உருண்டையுமான கொரிய அல்லது ஜப்பானிய அரிசிதான் வேண்டும். சென்னையில் இது கிடைப்பது கடினமில்லை. 1990களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் ஆலை வந்ததைத் தொடர்ந்து கொரியக் குடும்பங்கள் பல அந்நகரில் குடியேறின. அவர்களுக்கான மளிகைக் கடைகளில் அரிசி, கிம், முள்ளங்கி ஊறுகாய் எல்லாம் இருக்கும்.

கிம் வாங்கும்போது உறையைக் கவனிக்க வேண்டும். எண்ணெயும் உப்பும் தடவி, சிறு சதுரங்களாக வெட்டி, நொறுக்குத் தீனியாக விற்கப்படும் கிம் வேறு. சுருட்டுவதற்கு என்றே சற்றுத் தடிப்பாக, எண்ணெய் தடவாமல், ஏறக்குறைய 19 சென்டிமீட்டருக்கு 21 சென்டிமீட்டர் அளவில் வரும் தாள் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. காற்றின் ஈரம் பட்டால் தாள் சில நிமிடங்களில் துவண்டுவிடும். துவண்ட தாள் ரப்பர் போல் இழுபட்டுப் பிள்ளைகளின் பல்லுக்கு அகப்படாது. ஆகவே சுருட்டத் தொடங்கும் வரை உறையைப் பிரிக்கவே வேண்டாம்.

எள்ளெண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் நல்லெண்ணெய் என்கிறோம். கொரியர்கள் 'சம்கிரும்' என்கிறார்கள். 'சம்' என்ற முன்னொட்டுக்கு மெய்யான, தரமான என்று பொருள். பெயரில் இப்படியோர் ஒற்றுமை இருந்தாலும் மணத்தில் இரண்டும் வேறு. நம் செக்கில் எள்ளைப் பச்சையாகவே ஆட்டுகிறார்கள். கொரியாவிலோ நன்றாக வறுத்த பிறகு பிழிகிறார்கள். அதனால் அது கரும்பழுப்பாக, ஒரு கரண்டியிலேயே வீடெங்கும் மணக்கக்கூடியதாக இருக்கும். அது கிடைக்காதபோது நல்லெண்ணெயையே ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்கிச் சோற்றில் கலந்தால் ஏறத்தாழ அந்த மணம் வந்துவிடும். நசுக்கும் வேலையைப் பிள்ளைகள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

முந்தைய நாள் இரவு

மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய்க்குத் 'தன்முஜி' என்று பெயர். இதன் இனிப்பும் புளிப்பும் மொறுமொறுப்பும் இல்லாவிட்டால் கிம்பாப் சப்பென்றிருக்கும். கடையில் கிடைக்காவிட்டால், 200 கிராம் வெள்ளை முள்ளங்கியைத் தோல் சீவி விரல் நீளக் குச்சிகளாக நறுக்கி, 100 மில்லி தண்ணீர், 100 மில்லி வினிகர், 80 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள் தூள் ஆகியவற்றைக் கொதிக்கவைத்து அதன்மேல் ஊற்ற வேண்டும். ஆறியபின் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் தயாராக இருக்கும். கொரியாவில் பழைய முறைப்படி நிறமூட்டச் 'சிஜா' என்ற செடியின் காயைப் பயன்படுத்துவார்கள். நிறத்துக்கு மஞ்சளும் பழுதில்லை.

சோறு

அரிசி களைவது குழந்தையின் முதல் வேலை. அகன்ற பாத்திரத்தில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கையால் மெல்லத் துழாவி வடிக்கச் சொல்லுங்கள். முதல் தண்ணீர் பால்போல் வெளுத்திருக்கும். மூன்று நான்கு முறை மாற்றினால் தெளிந்துவிடும். அந்தக் கழுநீரைக் கொரியர்கள் வீணாக்குவதில்லை. சோயா விழுதுக் குழம்பு வைக்கும்போது தண்ணீருக்குப் பதிலாக அதைச் சேர்ப்பதுண்டு.

களைந்த அரிசியை 30 நிமிடம் ஊறவைத்து, நீரை முழுவதுமாக வடித்துவிட்டு, அரிசி அளந்த அதே பாத்திரத்தால் அதே அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். 300 கிராம் அரிசிக்கு ஏறக்குறைய 360 மில்லி. கனமான பாத்திரத்தில் மூடி போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, 12 முதல் 15 நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்தபின் மேலும் 10 நிமிடம் திறக்காமல் வைக்க வேண்டும். குக்கரில் வைப்பவர்கள் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கிய பின் திறக்கலாம். கொரியாவிலும் அழுத்தக் குக்கர் சோறு பரவலான வழக்கம்தான்.

வெந்த சோற்றை ஒரு பெரிய தாம்பாளத்தில் பரப்பி, ஒரு மேசைக்கரண்டி கொரிய எள்ளெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி வறுத்த எள் ஆகியவற்றைத் தூவி, மரக்கரண்டியை நிமிர்த்திப் பிடித்து வெட்டுவதுபோல் கிளறுங்கள். அழுத்திப் பிசைந்தால் கூழாகிவிடும். ஜப்பானியச் சுருள்களில் சோற்றுக்கு வினிகர் சேர்ப்பார்கள். இன்றைய கிம்பாப்பில் அந்த இடம் எள்ளெண்ணெய்க்கு உரியது. உப்பு குறைவாகத் தோன்றலாம். ஊறுகாய், முட்டை, கீரை எல்லாவற்றிலும் உப்பு இருப்பதால் இதற்குமேல் போட்டால் பிள்ளைகளுக்கு அதிகமாகிவிடும்.

சோறு வெதுவெதுப்பாகும் வரை பிள்ளைகள் விசிறியோ பழைய நாட்காட்டி அட்டையோ கொண்டு வீசட்டும். சூடான சோற்றைத் தாளில் பரப்பினால் ஆவி பட்டுத் தாள் சுருங்கிக் கிழியும். முற்றிலும் ஆறிவிட்டால் சோறு பரவாது. புறங்கையை வைத்தால் உடல் சூட்டோடு ஒத்துப்போகும் பதம்தான் சரி.

உள்ளே வைப்பவை

இந்தப் பகுதியில் அடுப்பு எரியும். ஆகவே எதைப் பிள்ளை செய்யும், எதைப் பெரியவர் செய்வார் என்பதை முன்பே சொல்லிவைத்துவிட்டால் வாக்குவாதம் வராது.

கீரையைக் கொதிநீரில் 30 வினாடி மட்டும் முக்கியெடுத்துக் குளிர்ந்த நீரில் போடுவது பெரியவரின் வேலை. ஆறிய கீரையைப் பந்துபோல் உருட்டிப் பிழிவது பிள்ளையின் வேலை. ஈரம் மிச்சமிருந்தால் சுருள் நனைந்துபோகும் என்பதால் இது பொறுப்பான வேலையும்கூட; ஒரு பிள்ளை பிழிந்ததை மற்றொன்று வாங்கி மீண்டும் பிழிந்து பார்க்கட்டும், எப்போதும் இன்னும் சில சொட்டுகள் வரும். பிழிந்த கீரையில் அரைத் தேக்கரண்டி எள்ளெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் பிசிற வேண்டும்.

கேரட்டின் தோலைச் சீவும் கருவியால் ஏழு வயதுப் பிள்ளை சீவலாம், நீங்கள் அருகில் இருக்கும்வரை. பிறகு அதைத் தீக்குச்சி பருமனுக்கு நறுக்கி, சிறிது எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கி எடுக்க வேண்டும். சிறு குழந்தைகள் உண்ணப்போவதால் பச்சைக் கேரட்டை வைக்காதீர்கள். கெட்டியான துண்டுகள் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. வெள்ளரியை நீளவாக்கில் நறுக்கி, விதைப் பகுதியை வழித்தெடுத்து, உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துகொள்ளலாம்.

முட்டை அடிப்பது நான்கு வயதுக்காரரின் உரிமை. ஓடு விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சிறு கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைக்கச் சொல்லிப் பிறகு பெரிய கிண்ணத்துக்கு மாற்றுவது நல்லது. பச்சை முட்டை பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த வேலைக்கு விட வேண்டும். அடித்த முட்டையைத் தடிப்பான அடையாகச் சுட்டு, ஆறியபின் ஒரு விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய தட்டில் நிறம் நிறமாக அடுக்கும் வேலை மீண்டும் பிள்ளைகளுக்கு. கொரிய மரபில் நீலம் அல்லது பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்தையும் 'ஒபாங்செக்' என்று ஐந்து திசைகளுக்குரிய நிறங்களாகக் கொள்வார்கள். தட்டில் பச்சைக்குக் கீரை, மஞ்சளுக்கு முள்ளங்கி, சிவப்புக்கு அண்மையாகக் கேரட், வெள்ளைக்குச் சோறு இருக்கின்றன. கறுப்பு எங்கே என்று கேட்டால் கிம் உறையைக் காட்ட ஒரு பிள்ளையாவது ஓடும்.

முதலில் உருண்டை, பிறகு சுருள்

எடுத்தவுடன் சுருட்டச் சொல்லாதீர்கள். சோற்றின் ஒட்டும் தன்மை கைக்குப் பழக வேண்டும். பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு உடனே வாயில் போட ஏதாவது வேண்டும். இரண்டுக்கும் தீர்வு 'சுமொக்பாப்'. சுமொக் என்றால் முட்டிக் கை. கைப்பிடிச் சோறு என்று சொல்லலாம். ஒரு கிம் தாளைப் பையில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்து நொறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தூளோடு ஒரு கைப்பிடி கேரட்டையும் பொடியாக நறுக்கிக் கலந்த சோற்றை, கையை நனைத்துக்கொண்டு, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினால் ஆயிற்று. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. முழுத் தாளாகக் கொடுத்தால் அது அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கொடுக்கும்போது உருண்டையை விரலால் நசுக்கித் தட்டையாக்கிக் கொடுங்கள்.

இந்தக் கைப்பிடிச் சோற்றுக்குக் கொரிய நினைவில் ஒரு தனி இடம் உண்டு. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் இராணுவ ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, யாங்தோங், தெயின் சந்தைகளில் கடை வைத்திருந்த பெண்கள் இதை உருட்டித் தெருவில் நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். இன்றும் அந்நகரம் சுமொக்பாப்பைத் தன் அடையாள உணவாகக் கொண்டாடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை எளிமையாகச் சொல்லலாம். உருட்டும் கை ஒரு கணம் நின்று கேட்கும்.

சுருட்டும் முறை

பிள்ளைகளுக்கு முழுத் தாள் வேண்டாம். கத்தரிக்கோலால் தாளை இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுங்கள். கொரியாவிலேயே 'கொமா கிம்பாப்', அதாவது குட்டிப் பிள்ளைக் கிம்பாப் என்று சிறிய சுருளுக்கு ஒரு வகையுண்டு. சியோலின் குவாங்ஜாங் சந்தையில் கேரட்டும் முள்ளங்கியும் மட்டும் வைத்து விரல் நீளத்துக்குச் சுருட்டி விற்பதும் ஏறக்குறைய இதுவே. பாதித் தாளுக்கு 60 முதல் 70 கிராம் சோறும் இரண்டே இரண்டு காயும் போதும்.

மூங்கில் குச்சிகளைக் கோத்த சிறு பாய் இருந்தால் விரியுங்கள். அதற்குக் 'கிம்பல்' என்று பெயர். இல்லாவிட்டால் தடித்த துணியின்மேல் சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொள்ளலாம். கிம்மின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். கண்ணை மூடித் தடவிப் பார்த்து எது எது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். சொரசொரப்பான பக்கம் மேலே. சோறு அதில்தான் நன்றாகப் பிடிக்கும்.

விரல்களை நனைத்துக்கொண்டு சோற்றைத் தாளின் நடுவில் வைத்து, ஓரங்களை நோக்கித் தள்ளிப் பரப்ப வேண்டும். பிள்ளைகள் எப்போதும் அதிகமாகவே வைப்பார்கள். பருக்கைகளுக்கு இடையே ஆங்காங்கே கறுப்புத் தெரிய வேண்டும் என்று சொன்னால் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. 'மெல்லியதாகப் பரப்பு' என்று பத்து முறை சொன்னாலும் புரிவதில்லை. தமக்கு எதிர்ப்புறத்தில் இரண்டு விரல் அகலம் சோறு படாமல் விட வேண்டும், சுருளை மூடி ஒட்டும் இடம் அதுதான். காய்களைச் சோற்றின் நடுவில் அல்ல, தமக்கு அருகிலுள்ள விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டும்.

இனிச் சுருட்டுதல். கட்டை விரல்களால் பாயை அடியிலிருந்து தூக்கி, மற்ற விரல்களால் காய்கள் நழுவாமல் உள்ளே பிடித்துக்கொண்டு, அருகிலுள்ள விளிம்பைக் காய்களுக்கு அப்பால் கொண்டுபோய் இறக்க வேண்டும். போர்வையை இழுத்துக் காய்களை மூடித் தூங்கவைப்பதாக என் நான்கு வயதுப் பிள்ளை இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டபின் எந்தக் குழந்தைக்கும் நான் வேறு விளக்கம் சொல்வதில்லை. மூடிய இடத்தில் பாயோடு சேர்த்து ஒருமுறை இறுக்கிவிட்டு, பாயின் முனையை விடுவித்துக்கொண்டே முன்னோக்கி உருட்ட வேண்டும். முனை ஒட்டாவிட்டால் நான்கைந்து பருக்கைகளை அங்கே நசுக்கித் தடவினால் பசைபோல் பிடித்துக்கொள்ளும். மூட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி மூன்று நிமிடம் வைத்துவிடுங்கள்.

பிள்ளையின் சுருள் வெடித்தால், பெரும்பாலும் காய் அதிகம் வைத்ததே காரணம். வெடித்த இடத்தின்மேல் ஒரு துண்டு கிம்மைப் போர்த்தி இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். பிரித்துத் திரும்பச் சுருட்ட முயன்றால் தாள் கிழியும், பிள்ளையின் முகமும் வாடும். தளர்வாக, கோணலாக வந்தாலும் அதைப் பெரியவர் கை வைத்துத் திருத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தன் சுருள் எது என்று அடையாளம் தெரிந்தால்தான் பிள்ளை அதை முழுவதும் சாப்பிடுகிறது, உள்ளே இருக்கும் கீரை உட்பட.

நறுக்குவதும் பரிமாறுவதும்

சுருளின் மேல் விரலால் துளி எள்ளெண்ணெய் தடவுங்கள். கூரிய கத்தியிலும் சிறிது தடவி, அழுத்தாமல், ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்து நறுக்க வேண்டும். இரண்டு மூன்று துண்டுக்கு ஒருமுறை ஈரத்துணியால் கத்தியைத் துடைக்காவிட்டால் ஒட்டிய சோறு அடுத்த துண்டைப் பிய்த்துவிடும். பெரியவர்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தடிப்பு சரி. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, ஒவ்வொன்றையும் மீண்டும் இரண்டாகவோ நான்காகவோ வெட்டிக் கொடுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே மென்று விழுங்கிய பின்தான் அடுத்தது. எள், முட்டை, சோயா, கோதுமை ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தால் அவர்கள் பெற்றோரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். பல சோயா சாறுகளில் கோதுமை உண்டு.

சுருளின் இரு முனைகளிலும் காய்கள் துருத்திக்கொண்டு நிற்கும் துண்டுகளுக்குக் 'கொங்தாரி' என்று பெயர். பெட்டியில் அழகாக அடுக்க வராதவை என்பதால் நறுக்கும்போதே அவை பக்கத்தில் நிற்பவர் வாய்க்குப் போய்விடும். சோற்றைவிடக் காய் அதிகம் இருப்பதால் சுவையும் அவற்றில்தான் அதிகம். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு முனை என்று கணக்கும் சரியாக வருகிறது. சாப்பிடுமுன் கொரியர்கள் 'சல் மொக்கெஸ்ஸும்னிதா', அதாவது நன்றாகச் சாப்பிடுகிறேன், என்று சமைத்தவரை நோக்கிச் சொல்வார்கள். இங்கே எல்லோருமே சமைத்தவர்கள் என்பதால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.

கிம்பாப்பைச் செய்த இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிடுவது நல்லது. வெயில் காலத்தில் இன்னும் முன்பாக. வெந்த சோறு அறைச் சூட்டில் கிடந்தால் அதில் தப்பிப் பிழைத்த நுண்ணுயிரி வித்துகள் முளைத்துப் பெருகி வயிற்றைக் கெடுக்கும், பிறகு சூடாக்கினாலும் அவை விட்ட நஞ்சு போகாது. தென்கரைத் துறைமுக ஊரான தொங்யோங்கில் இதற்கென்றே ஒரு வழி கண்டார்கள். வெப்பத்தில் உள்ளே வைத்த பண்டம் சீக்கிரம் கெட்டுப்போனதால், வெறும் சோற்றை மட்டும் கிம்மில் சுருட்டி, காரமான கணவாயையும் முள்ளங்கிக் கிம்ச்சியையும் (மிளகாயோடு நொதிக்கவைத்த முள்ளங்கி) தனியே வைத்து விற்றார்கள். அவ்வூரின் பழைய பெயரால் அது இன்றும் 'சுங்மு கிம்பாப்' என்று வழங்குகிறது. பிள்ளைகளோடு தொலைவாகப் போவதாக இருந்தால் நாமும் அப்படியே காய்களைத் தனியாகக் குளிர்ப்பையில் எடுத்துச்செல்லலாம்.

மீந்தவற்றை உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை சோறு விறைத்துப்போயிருக்கும், அப்படியே உண்ண நன்றாக இருக்காது. அப்போது ஒரு முட்டையை உப்பிட்டு அடித்து, ஒவ்வொரு துண்டையும் அதில் முக்கி, எண்ணெய் தடவிய கல்லில் நடுத்தரத் தீயில் இருபுறமும் பொன்னிறமாகி, நடுச்சோறும் நன்கு சுடும்வரை சுட்டெடுக்க வேண்டும். முந்தைய நாள் வெடித்துப்போன கோணல் சுருளின் துண்டுகளும் முட்டையில் முங்கியதும் இறுகி ஒன்றாக நிற்கும்.